மறுகரையின் கடல் மட்டம்

கெபார்ட் மாமா மறுகரைக்குக் குடிபோனது மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே காலுக்கு. மணியைக்கூட இவ்வளவு சரியாக என்னால் சொல்ல முடிவதற்குக் காரணம் ஃபிடல். துறைமுகத்தை ஒட்டிய தன் சாப்பாட்டுக் கடையின் கரும்பலகையில், அன்றைய மீனின் பெயரை அழித்துவிட்டு இந்தச் செய்தியை எழுதிவைத்தார். ஈஸ்டர் வரைக்கும் அதை அழிக்கவில்லை.

ஜெர்மன் கரையிலிருக்கும் எங்கள் ஹால்டிங்கனுக்கு நேர் எதிரே, போடன் ஏரியின் தென்கரையில், சுவிஸ் பக்கம் இருக்கிறது எக்வீல். நடுவே பதினோரு கிலோமீட்டர் தண்ணீர். நான் நாலு வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு பிப்ரவரிக் கடைசியில்தான் வீடு திரும்பியிருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் எதிரே வந்த ஃபிடல், "வந்துட்டியா ஆஃப்ரா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "உங்க மாமா சுவிஸுக்குப் போறாராம், தெரியுமா?" என்றார். உலகத்தின் தென்கோடியில் நான் சுற்றிவந்த படகோனியாவைப் பற்றி இன்றுவரை எங்கள் ஊரில் ஒருவரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை படகில் ஏறியவை: மூன்று ரம்பங்கள், ஆளுயர ரசமட்டம் ஒன்று, ஒரு காபிக் கெண்டி, இரண்டு கம்பளி, ஒரு மூட்டை உருளைக்கிழங்கு. மூட்டையைக் கண்டதும் என் அம்மா வால்புர்காவுக்குப் பொறுக்கவில்லை. மாமா அம்மாவுக்கு அண்ணன். இரண்டு வயதுதான் மூத்தவர்.

"ஏன் கெபி, அங்க உருளைக்கிழங்கு விளையாதா?"

"விளையும். ஆனா வேற மண்ணு."

"ஏரிக்கு இந்தப் பக்கம் ஒரு மண்ணு, அந்தப் பக்கம் ஒரு மண்ணுன்னு கடவுள் பாத்துப் பாத்துக் கொட்டினாரா?"

"கொட்டித்தான் இருக்காரு. நீ தோண்டிப் பாத்ததில்ல. நான் பாத்திருக்கேன்."

கடை வாசலிலிருந்து ஃபிடல் கத்தினார். "டேய் கெபி, பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டியா?"

"ஏரி நடுவுல எவன்டா நின்னு கேக்கப் போறான்?"

அது நியாயமான கேள்வி. எங்கள் ஏரியின் நடுவில் எல்லை எங்கே ஓடுகிறது என்று மூன்று நாடுகளும் இதுவரை பேசி முடிக்கவில்லை. சரியாக நடுவில் ஓடுகிறது என்கிறார்கள் சுவிஸ்காரர்கள். ஆழமான தண்ணீர் எல்லாருக்கும் பொது என்கிறார்கள் ஆஸ்திரியர்கள். எங்கள் ஆட்கள் வாயைத் திறப்பதே இல்லை. மாமாவுக்கு மட்டும் தெளிவான கொள்கை இருந்தது: எல்லை எங்கே வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும், அதற்கு அந்தப் பக்கம் ஓர் இரவுகூடத் தூங்கக் கூடாது. ஐம்பத்தேழு வயது வரைக்கும் அதைக் காப்பாற்றினார்.

இத்தனைக்கும் வாரத்தில் மூன்று நாள் அவருக்கு அந்தக் கரையில்தான் பிழைப்பு. ஏரிக்குள் கம்பம் இறக்கிப் படகுத்துறை கட்டுவது அவர் தொழில். பதினைந்து வயதில் தொடங்கியது. மேற்கே ரைன் ஆறு ஏரியைவிட்டு வெளியேறும் இடம் தொடங்கி, கிழக்கே அது பழுப்பாக வந்து விழும் இடம் வரை, கரையோரத்தில் அவர் கைவைக்காத ஊர் குறைவு. ஆறு ஏரிக்குள் வந்ததும் குளிர்ந்த கனமான தண்ணீராக அடியில் முழுகிப் போய்விடும். மேலே பார்த்தால் ஆறு காணாமல் போன மாதிரி இருக்கும். "உங்க அப்பா மாதிரி," என்பார் மாமா என்னிடம். என் அப்பா கல்யாணம் காட்சிக்குப் போனால் பத்து நிமிஷத்தில் எங்கேயாவது மறைந்துவிடுவார்.

மனிதர்களை அவர் ஆழத்தை வைத்துத்தான் எடைபோடுவார். ஃபிடல் நாலு மீட்டர். அடி தெரியும், மீன் இருக்கும், ஆபத்தில்லை. பாதிரியார் ஒன்றரை மீட்டர், சேறு. இருநூற்றைம்பது மீட்டர், அதாவது எங்கள் ஏரியின் அடிமட்டம் வரைக்கும் போகிற ஆள் யார் என்று சிறுவயதில் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். தன்னைத்தான் சொல்ல வருகிறார் என்பது முகத்தில் தெரிந்தது. பணிவின் பொருட்டு, "அப்படி யாரும் இல்ல," என்றார்.

மறுகரையை அவர் "தப்பான கரை" என்று சொல்வார். ஹால்டிங்கனில் எல்லார் வீட்டு ஜன்னலும் தெற்குப் பார்த்தது. காலையில் திரையை விலக்கினால் தண்ணீர், தண்ணீருக்குப் பின்னால் ஆல்ப்ஸ் மலை வரிசை. தெற்குக் காற்று வீசும் நாளில் மலை கைக்கெட்டும் தூரத்துக்கு வந்து நிற்கும். அன்றைக்குப் பாதி ஊருக்குத் தலைவலி, மீதி ஊருக்குச் சண்டை. எக்வீல்காரர்களுக்கோ மலை முதுகுப் பக்கம். அவர்கள் திரையை விலக்கினால் தெரிவது நாங்கள்தான்: ஒரு திராட்சைத் தோட்டம், கூடாரம் போடும் மைதானம், ஃபிடல் கடையின் கொடி. "அதைப் பாக்கவா ஒரு மனுஷன் காலையில எழுந்திரிப்பான்?" என்பார் மாமா.

அப்படிப்பட்டவரை அந்தக் கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது நவம்பர் மூடுபனி.

நான் படகோனியாவில் இருந்த வருஷம் அது. ஏரியின் மேல் ஒன்பது நாள் பனி கலையாமல் கிடந்ததாம். மாமா கம்பம் ஏற்றிய தட்டைப் படகில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். திசைகாட்டி பழுது. எதற்கு அது, மூக்கு இருக்கிறதே என்று கிளம்பிவிட்டார். மூன்று மணி நேரம் கழித்துப் படகு எதிலோ முட்டியது. கரையில் ஒரு பெண் ஆப்பிள் மரத்தின் காய்ந்த கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தது மங்கலாகத் தெரிந்தது. இவர் வீட்டுக்கு வந்துவிட்ட தைரியத்தில், "இது ஹால்டிங்கன்ல எந்த இடம்?" என்று கேட்டார்.

"இது எக்வீல்," என்றார் அந்தப் பெண். "நீங்க எங்கேருந்து கிளம்பினீங்க?"

"எக்வீல்லேருந்து."

"அப்போ நல்லா ஓட்டியிருக்கீங்க. காபி குடிக்கிறீங்களா, ஷ்வாபன்காரரே?"

வடகரைக்காரர்களையெல்லாம் ஷ்வாபன் என்று கூப்பிடுவது சுவிஸ்காரர்கள் வழக்கம். நாங்கள் பாடன் நாட்டுக்காரர்கள்; ஷ்வாபன் எங்களுக்கு ஆகாத பக்கத்துச் சீமை. அந்தப் பெயரைச் சொன்னால் எங்களுக்கு மூக்கின்மேல் கோபம் வரும். மாமா கோபத்தோடுதான் காபி குடிக்கப் போனார். மாலை வரைக்கும் அந்தக் கோபம் தணியவில்லை போலிருக்கிறது, ஏனென்றால் மறுநாளும் போனார்.

அந்தப் பெண்தான் இடா. அப்போது ஐம்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகாதவர். தகப்பனார் விட்டுப்போன வீடு, தண்ணீர் வரைக்கும் இறங்கும் தோட்டம், பதினாலு ஆப்பிள் மரங்கள். வேலை, அந்தப் பகுதியின் கரை அலுவலகத்தில். யார் துறை கட்டினாலும், இடித்தாலும், ஒரு பலகை நீட்டினாலும் விண்ணப்பம் இடாவின் மேசைக்குத்தான் வரும். அதாவது, இருபது வருஷமாக மாமா அனுப்பிய விண்ணப்பங்களில் முத்திரை குத்தியவரே அவர்தான். இரண்டு பேரும் அதைக் காபி ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"கெபார்ட் ரீகர் நீங்கதானா? உங்க கையெழுத்தப் பாத்து நான் ஏதோ எம்பது வயசு கிழவர்னு நெனச்சேன்," என்றாராம் இடா.

இரண்டு வருஷம் இப்படிப் படகுப் போக்குவரத்தாகவே ஓடியது. பிறகு ஒரு கிறிஸ்துமஸுக்கு மாமா கல்யாணப் பேச்சை எடுத்தார். ஹால்டிங்கனுக்கு வந்துவிடு என்றார். வேலையையும் மரங்களையும் விட்டு வர முடியாது என்றார் இடா. வேண்டுமானால் நீ வா.

"படகு வாசல்ல நிக்காத வீட்டுல நான் இருக்க மாட்டேன்," என்றார் மாமா.

"அப்போ தோட்டத்துக் கடைசியில ஒரு துறை கட்டு. வந்து இரு. பதிவு ஆபீசுல கையெழுத்துப் போடுறத அப்புறம் பாப்போம். ஒரு வருஷம் நீ இங்க எப்படி இருக்கேன்னு பாக்காம நான் பேனாவத் தொட மாட்டேன்."

இப்படித்தான் அந்தத் துறை உருவானது. எங்கள் ஏரியில் துறை கட்டும் காலம் குளிர்காலம். அப்போதுதான் தண்ணீர் தாழ்ந்து கிடக்கும். மலையில் விழுவதெல்லாம் பனியாக மேலேயே தங்கிவிடும். அது உருகி வந்து சேர்வது ஜூனில். ஒரு பொட்டு மேகம் இல்லாமல் வெயில் கொளுத்தும், இங்கே மழையே இருக்காது, ஏரி மட்டும் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே இருக்கும். குளிர்காலத்துக்கும் ஜூனுக்கும் ஓர் ஆள் நெஞ்சுயரம் வித்தியாசம் வரலாம். துறையின் பலகை ஜூனுக்கும் மேலே நிற்க வேண்டும். அந்த உயரத்தைக் குறிப்பதுதான் தொழிலின் சூட்சுமம்.

மாமா தண்ணீரைப் பார்த்து உயரம் குறிக்க மாட்டார். காற்று ஒரு பக்கமாக அடித்தால் ஏரியே சாய்ந்து நிற்கும், அதை நம்பக் கூடாது என்பார். துறை கட்டும் ஊரின் தேவாலயச் சுவரில் அரசாங்கம் உயரம் குறித்துப் பதித்துவைத்திருக்கும் பித்தளைக் குமிழிலிருந்துதான் அளந்துகொண்டு வருவார். நாற்பத்திரண்டு வருஷத்தில் அவர் கட்டிய துறை ஒன்றுகூட நனைந்ததில்லை. ஒவ்வொன்றின் முதல் பலகையிலும் தன் பெயர் வெட்டிய சிறு பித்தளைத் தகடு அடிப்பது வழக்கம். இடாவின் துறைக்குக் கொஞ்சம் பெரிய தகடு அடித்தார்.

கடைசிப் பலகை அடித்த அன்று இடா கரையில் நின்று இடமும் வலமும் பார்த்திருக்கிறார்.

"கெபி, பக்கத்து வீட்டுத் துறையெல்லாம் இதவிட உசரமா இருக்கே?"

"சுவிஸ்காரங்க இல்லையா? எதுக்கும் இன்சூரன்ஸ் எடுக்கிற ஆளுங்க. தேவைக்கு மேல உசரமா கட்டுவாங்க."

"கணக்க நான் ஒரு தடவை பாக்கட்டுமா?"

"நீ பிறக்கிறதுக்கு முந்தியே நான் கம்பம் அடிச்சவன்."

இடா மாமாவைவிட இரண்டு வயதுதான் இளையவர். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

குடிபோன மாமா முதல் மூன்று மாதம் வாரம் ஒருமுறை அம்மாவுக்குப் போன் செய்தார். முதல் புகார், சூரியன் முதுகில் அடிக்கிறது. இரண்டாவது, அங்கே ஆப்பிள் மதுவில் புளிப்பு போதாது. மூன்றாவது போன் வந்தபோது குரலில் ஒரு பரபரப்பு.

"வால்புர்கா, நம்ம கோயில் கோபுரம் சாஞ்சிருக்கு."

"என்னது?"

"கிழக்குப் பக்கம். இங்கேருந்து தூரக்கண்ணாடியில பாத்தேன். ஒரு கை அகலம் இருக்கும். இத்தன வருஷமா ஒருத்தனும் கவனிக்கல."

அம்மா பாதிரியாரிடம் சொன்னார். பாதிரியார் ஆள் வைத்து அளந்தார். சாய்ந்துதான் இருந்தது. ஃபிடலுக்குத் தலைகால் புரியவில்லை. "இங்க இருந்தப்போ எங்க தப்பத்தான் கண்டுபிடிச்சான். இப்போ அங்க போய் உக்காந்துகிட்டு ஊர் தப்பையே கண்டுபிடிக்கிறான்."

ஜூன் மூன்றாம் வாரம் நானே எக்வீலுக்குப் போனேன். நல்ல வெயில். தோட்டத்தில் இறங்கி, ஆப்பிள் மரங்களைத் தாண்டியதும் ஏரி. துறையைக் காணவில்லை. தண்ணீருக்கு நடுவே ஒரு நாற்காலி, நாற்காலியில் இடா. மடியில் ஒரு கிண்ணம் செர்ரிப் பழம். கரண்டைக்காலுக்கு மேல் வரை தண்ணீர். பழம் தின்று கொட்டையை ஏரியில் துப்பிக்கொண்டிருந்தார்.

"வா ஆஃப்ரா. செருப்பக் கழட்டிட்டு நேரா நடந்து வா. பலகை இருக்கு, பயப்படாதே. உங்க மாமா வேலை உறுதியான வேலை."

நடந்தேன். முதல் பலகையில், தண்ணீருக்கடியில், மாமாவின் பெயர் பளபளத்தது. விரல் நீளத்துக்கு நாலைந்து மீன் குஞ்சுகள் அதன்மேல் நின்றன.

மாமா கரையில், முதுகில் கைகட்டிக்கொண்டு நின்றார். ஏரியைப் பார்த்த பார்வையில், வேலைக்காரன் சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் வரும் கோபம் இருந்தது.

"இந்த வருஷம் தண்ணி அதிகம்," என்றார் என்னிடம்.

"அதிகமில்ல," என்றார் இடா நாற்காலியிலிருந்து. "எல்லா ஜூன் மாதிரிதான்."

"அப்போ மேற்கே ரைன் வெளியேறுற இடத்துல அடைச்சிருக்கான்."

"யாரு?"

"யாராவது."

இடா கிண்ணத்தை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். தண்ணீருக்குள் நின்றபடியே எனக்குச் சொல்வதுபோல மாமாவுக்குச் சொன்னார்.

விஷயம் இதுதான். கடல் மட்டம் உலகத்துக்கே ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் எங்கள் ஏரிப் பக்கம் வரக் கூடாது. நாங்கள் உயரத்தை ஆம்ஸ்டர்டாம் பக்கத்துக் கடலிலிருந்து எண்ணிக்கொண்டு வருகிறோம். சுவிஸ்காரர்கள் மார்செய் பக்கத்துக் கடலிலிருந்து எண்ணிக்கொண்டு வருகிறார்கள். இரண்டு எண்ணிக்கையும் இங்கே வந்து சேரும்போது ஒரு சாணும் நாலு விரலும் இடிக்கும். ஒரே நாள், ஒரே தண்ணீர். சுவிஸ் கணக்கில் மட்டும் ஏரி அவ்வளவு உயரம் கூடுதல். இரு கரையிலும் வேலை செய்கிறவர்களுக்கு இது பால பாடம். எங்கள் எண்ணை அங்கே கொண்டுபோனால் ஒரு சாண் நாலு விரல் கூட்ட வேண்டும்.

"உங்க மாமா கழிச்சிருக்காரு," என்றார் இடா. "அதனால ரெண்டு சாண் எட்டு விரல் தாழ்ந்து போச்சு."

"இருபது வருஷமா இந்தக் கரையில கூட்டிக்கிட்டு இருக்கிறவன் நான். இந்த ஒண்ணுக்கு மட்டும் கழிப்பேனா?"

"அதத்தான் நானும் கேக்கிறேன். அன்னைக்கு எதப் பத்தி நெனச்சுக்கிட்டு இருந்தே?"

மாமாவின் காது சிவந்தது. அவர் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கே தெரிந்துவிட்டது. அதை ஒப்புக்கொண்டிருந்தால்கூடக் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவரோ, "உங்க குமிழ் தப்பு," என்றார்.

இடா சிரிப்பை நிறுத்தினார்.

"கெபி, நான் ஒண்ணு சொல்றேன். எனக்குத் துறை முழுகினதுல ஒரு வருத்தமும் இல்ல. கால நனைச்சுக்கிட்டு உக்கார நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்கப்பா எழுபத்தெட்டு வயசு வரைக்கும் ஒரு தப்புகூடப் பண்ணல. இந்த வீட்டுல நடந்த தப்பு எல்லாம் எங்கம்மா பண்ணினது. மழை பெஞ்சாக்கூட அம்மா தப்புதான். அதே வீட்டுல இன்னொரு தடவை அப்படி இருக்க எனக்குத் தெம்பில்ல. தப்பு என்னுதுன்னு ஒரே ஒரு தடவை சொல்லு. மறுநாளே பதிவு ஆபீசுக்கு வரேன். சொல்ல வரலன்னா, வேண்டாம்."

மாமா வாயைத் திறந்தார். பிறகு அவர் மூடிக்கொண்டார்.

ஜூலை முதல் வாரம் அவர் படகு ஹால்டிங்கன் துறைமுகத்துக்குத் திரும்பி வந்தது. மூன்று ரம்பம், ரசமட்டம், கெண்டி, கம்பளி. உருளைக்கிழங்கு தீர்ந்துபோயிருந்தது.

ஊர் அவரை விடுமா? கடையில் அவர் உட்கார்ந்ததும் ஃபிடல் பீர்க் கோப்பையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வந்தார்.

"எங்க வைக்கட்டும் கெபி? ஜெர்மன் உசரத்துலயா, சுவிஸ் உசரத்துலயா?"

"மேஜையில வைடா."

"எந்தக் கடல்லேருந்து எண்ணின மேஜை?"

மாமா கோப்பையை எடுத்துக் குடித்தார். முன்பெல்லாம் ஒரு கேலிக்கு மூன்று பதில் வைத்திருப்பார். அதைக் கவனித்துவிட்டு ஃபிடலே இரண்டாவது கோப்பையைச் சும்மா கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

தன் பெயர் போட்ட துறை தண்ணீருக்கடியில் கிடப்பது அவருக்குத் தாங்கவில்லை. உயர்த்திவிடலாம், அவருக்கு ஐந்து நாள் வேலை. ஆனால் கட்டிய துறையை மாற்ற அனுமதி வேண்டும். அனுமதிக்குப் படிவம் இருக்கிறது. படிவத்தில் 'மாற்றத்துக்கான காரணம்' என்று ஒரு இடம் இருக்கிறது. அங்கே மூன்று புள்ளிக் கோடுகள். படிவம் போய்ச் சேரும் மேசை எது என்று சொல்ல வேண்டியதில்லை.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் என்னை எழுதச் சொன்னார். ஆகஸ்டில் முதல் காரணம்: 'ஜூன் மாதத்தில் ஏரி வழக்கத்துக்கு மாறாக உயர்ந்தது.'

பத்து நாளில் பதில் வந்தது. 'விண்ணப்பதாரர் அவர்களுக்கு. குறிப்பிட்ட மாதத்தின் நீர்மட்டம் சராசரி அளவே. காரணம் போதுமானதல்ல.' கீழே முத்திரை, கையொப்பம்.

செப்டம்பரில் இரண்டாவது: 'கம்பங்கள் சேற்றில் இறங்கிவிட்டன.'

'விண்ணப்பதாரர் அவர்களுக்கு. நேரில் அளந்து பார்க்கப்பட்டது. கம்பங்கள் நக அளவுகூட இறங்கவில்லை. இந்த விண்ணப்பதாரரின் கம்பங்கள் எங்கும் இறங்கியதில்லை என்பதை இவ்வலுவலகம் மதிப்புடன் அறியும். காரணம் போதுமானதல்ல.'

அந்தக் கடிதத்தை மாமா மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். துவைக்கப் போட்ட சட்டையிலிருந்து அம்மா இரண்டு முறை எடுத்துக்கொடுத்தார். விஷயம் தெரிந்த ஃபிடல், "முத்திரை குத்தி லவ் லெட்டர் வாங்குறவன் இந்த ஏரியிலேயே நீ ஒருத்தன்தான்," என்றார்.

அக்டோபரில் மூன்றாவது. இதை யோசிக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டார்: 'கடல் மட்டம் குறித்து இரு நாடுகளும் இதுவரை உடன்பாட்டுக்கு வரவில்லை.'

'விண்ணப்பதாரர் அவர்களுக்கு. இரு நாடுகளும் விண்ணப்பதாரர் அல்ல. காரணம் போதுமானதல்ல.'

அன்று காலை பனி சீக்கிரம் கலைந்துவிட்டது. மாமா துறைமுகச் சுவரில் தூரக்கண்ணாடியோடு நின்றார். பக்கத்தில் போய் நின்றேன். அக்டோபரில் தண்ணீர் இறங்கியிருந்ததால் இடாவின் துறை மேலே தெரிகிறது என்றார். ஒரு கோடு மாதிரி. அதன்மேல் ஒரு புள்ளி.

"நாற்காலிய உள்ள எடுத்து வைக்கல. மழையில ஊறிடும்."

"போய் எடுத்து வைக்க வேண்டியதுதானே மாமா?"

கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே கேட்டார். "ஆஃப்ரா, நீ உலகமெல்லாம் சுத்தினவ. தப்பு பண்ணிட்டேன்னு சொல்றதுக்கு மத்த ஊர்ல எல்லாம் என்ன பண்றாங்க?"

"வாயத் திறந்து சொல்றாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"வேற வழி ஒண்ணும் இல்லையா?"

"நான் போன ஊர்ல எதுலயும் இல்ல."

மாமா கண்ணாடியை இறக்கினார். "நீ நிறைய ஊருக்குப் போகலேன்னு நெனைக்கிறேன்," என்றார்.

நவம்பரில் நான் கிளம்பிவிட்டேன். எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. அம்மா போனில் ஊர்க்கதை சொல்வார், நான் மாமா கதை கேட்பேன். அந்தக் குளிர்காலம் முழுக்க மாமா புதிய படிவம் எதுவும் அனுப்பவில்லை. ஏரி தாழ்ந்தது, துறை உயர்த்தாமலே கிடந்தது, ஏரி ஏறியது. அடுத்த ஜூனில் மாமாவின் பெயர் மறுபடியும் முழுகியது. இடாவை யாரோ ஒரு பல் மருத்துவர் இரண்டு முறை சாப்பிடக் கூட்டிப்போனதாக ஃபிடலுக்குச் செய்தி வந்தது. ஃபிடல் அதை மாமாவிடம் சொன்னார். சொல்லியிருக்க வேண்டாம் என்று பிறகு அம்மாவிடம் வந்து வருத்தப்பட்டார்.

"சாப்பாடு இறங்கல அவனுக்கு," என்றார் அம்மா. "கம்பம் அடிக்கப் போறான், வரான். சாயங்காலம் மேஜையில ஒரு தாள வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். என்னடான்னு கேட்டா, கணக்குங்கிறான். எட்டிப் பாத்தேன், ஒரு எழுத்துகூட இல்ல."

நான் கிளம்பிப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. ஜனவரி மாதம், கருங்கடல் ஓரம் பதூமி என்ற ஊரில் ஒரு தங்கும் விடுதியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் ரொட்டி வாங்க வரிசையில் நிற்கும்போது போனில் செய்தி வந்து விழுந்தது. இடாவிடமிருந்து. ஒரு படம், அதன் கீழே நாலைந்து வரி.

படத்தில் அதே படிவம். இந்தத் தடவை மாமாவே எழுதியிருந்தார். எண்பது வயதுக் கிழவரின் கையெழுத்து. மூன்று புள்ளிக் கோடுகளும் நிறைந்திருந்தன.

'ஜெர்மன் உயரத்தைச் சுவிஸ் உயரமாக மாற்றும்போது கூட்டுவதற்குப் பதில் கழித்துவிட்டேன். அன்று வேலையில் கவனம் இல்லை. தோட்டத்தில் இருந்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தவறு என்னுடையது. கெபார்ட் ரீகர்.'

அதற்கும் கீழே, ஓரத்தில் இடுக்கிப் பிடித்து இன்னொரு வரி: 'குறிப்பு: கணக்குப் போட்ட பென்சில் சுவிஸ் நாட்டில் வாங்கியது.'

இடா எழுதியிருந்தார்:

"ஆஃப்ரா, இது நேத்து தபால்ல வந்துச்சு. ஆபீசுல எல்லாரும் படிச்சுட்டாங்க, எனக்கு முகத்த எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல. குறிப்ப மட்டும் அடிச்சுட்டு முத்திரை குத்திட்டேன். இன்னொரு கையெழுத்து வர்ற வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு, எக்வீல் பதிவு ஆபீசுல. உன்னால வந்து சேர முடியாதுன்னு தெரியும், இருந்தாலும் சொல்றேன். அவனுக்கு இன்னும் சொல்லல. ரெண்டு நாள் கவலப்படட்டும்."